திருப்பதியம் பாடிய நாற்பத்தெண்மர்

திருக்கோயிலுக்குக் குடமுழுக்கு நிகழும் நன்னாளில் அடியார்களின் கண்கள் விமானத்தின் உச்சியையே நோக்கி நிற்கும். வேள்விச்சாலையினின்றும் புறப்பட்ட புனித நீர்க் குடங்கள் கலசத்தை அடைந்து, நீர் சொரியப்படும் அந்த ஒரு கணத்தைக் காண ஊர் முழுதும் திரண்டு நிற்கும். அவ்வேளையில் மறையொலியும் மங்கல வாத்திய முழக்கமும் எழும். அவற்றோடு ஓதுவார் குரலில் திருமுறையும் எழும். கல்லாலாகிய விமானத்தையும் செம்பாலாகிய கலசத்தையும் கண் காண்கின்றது. திருமுறை இசையைக் கண் காண்பதில்லை. ஆயினும், இன்று நின்று விளங்கும் கற்றளிகள் பலவற்றினும் மூத்தது அவ்விசையேயாகும்.

கல்லை ஒருமுறை முறைப்படி அடுக்கிவிட்டால் அது பல நூற்றாண்டு நிற்கும். அரசு மாறினும், ஊர் சிதறினும், பூசை நின்று போயினும், அதனைத் தாங்கக் கல்லுக்குக் கல்லே துணை. இசையின் இயல்பு அதுவன்று. பாடி முடித்த கணத்திலேயே அது காற்றில் கரைகின்றது. மறுநாள் மற்றொரு மிடற்றில் பிறந்தாலன்றி அதற்கு வாழ்வில்லை. ஆதலின், பண்ணிசையின் வரலாறு என்பது அதனைப் பாடியவர்களின் வரலாறு. அவர்களைப் புரந்தவர்களின் வரலாறுமாகும். அவ்வரலாற்றின் நடுநாயகமாக விளங்குவது, தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராச சோழன் நிறுவிய 50 பேர் கொண்ட இசைக்குழு.

பாட்டும் யாழும்

தேவாரம் பாடிய மூவருள் திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் கி.பி. 7ஆம் நூற்றாண்டில் ஒருங்கு வாழ்ந்தவர்கள். சுந்தரர் அவர்கட்குப் பின் வந்தவர். அவர்கள் தலந்தோறும் நடந்து சென்று, திருமுன் நின்று, இசையோடு பாடினார்கள். ஏட்டில் எழுதி வைத்துப் பின்னர் இசை கூட்டிய பாட்டன்று தேவாரம். சொல்லும் பண்ணும் உடன்பிறந்தவை. சம்பந்தருடன் திருநீலகண்ட யாழ்ப்பாணர் என்னும் பெரியார், தம் வாழ்க்கைத் துணைவியார் மதங்கசூளாமணியாரோடு தலந்தோறும் சென்று, பதிகங்களை யாழிலிட்டு வாசித்து வந்தார் என்று சேக்கிழார் பெருமான் கூறுகின்றார்.

அவ்வடியார் வரலாற்றில் திருத்தருமபுரத்து நிகழ்ச்சி சிந்திக்கற்பாலது. பதிகத்தின் சிறப்புக்கு யாழ்ப்பாணரின் வாசிப்பே காரணம் என்று சுற்றத்தார் சிலர் பேச, அதனைப் பொறாத யாழ்ப்பாணர், யாழில் அடங்காத இசையொன்றைப் பாடியருள வேண்டுமெனப் பிள்ளையாரைப் பணிந்தார். சம்பந்தர் பாடியருளிய பதிகம் யாழ் நரம்பின் அளவைக் கடந்து நின்றது. யாழ்ப்பாணர் தம் கருவியை உடைக்க ஓங்கினார். சம்பந்தர் தடுத்து, அதனை வாங்கித் திருப்பிக் கொடுத்து, இயன்ற அளவில் வாசிக்கலாமெனத் தேற்றினார். யாழ்மூரி என்னும் பெயரால் வழங்கும் அப்பதிகத்தை ஓதுவார்கள் அடாணா இராகத்தில் பாடி வருகின்றனர். கருவிக்கு எட்டாததும் மிடற்றுக்கு எட்டும் என்பது இந்நிகழ்ச்சியின் உட்கிடை. திருமுறை இசையைக் காக்கும் கலம் மனித மிடறே என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஏடு கிடைத்தது; பண் கிடைக்கவில்லை

மூவர் காலத்திற்குப் பின் இரண்டு நூற்றாண்டு கழியுமுன்னரே கோயில்களில் திருப்பதியம் பாடுவார்க்கு நிவந்தம் அமைந்துவிட்டது. தொண்டை நாட்டுத் திருவல்லத்துக் கோயிலில், பல்லவ மன்னன் விசயநந்திவிக்கிரமவர்மனின் 17ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, கோயிலுக்குரிய செலவினங்களைப் பகுத்துரைக்குமிடத்துத் திருப்பதியம் பாடுவாரையும் குறிப்பிடுகின்றது. அது 9ஆம் நூற்றாண்டினது. முதலாம் பராந்தக சோழன் (907–955) காலத்திலும் இத்தகைய அறங்கள் நிகழ்ந்தன. ஆனால் இவை ஆங்காங்கு ஒருவர் இருவர்க்கு அமைந்த நிவந்தங்கள். திருமுறை முழுவதும் ஓரிடத்தில் திரட்டப்பெறாத காலம் அது.

அதனைத் திரட்டிய வரலாற்றைத் திருமுறை கண்ட புராணம் உரைக்கின்றது. அபயகுலசேகரன் எனப்பெறும் சோழ மன்னன், மூவர் பாடல்களைச் சில்லோர் வாயிலாகக் கேட்டு உள்ளம் உருகி, அவை முழுமையும் எங்குள என்று தேடினான். திருநாரையூரில் பொல்லாப் பிள்ளையாரை வழிபட்டு வந்த நம்பியாண்டார் நம்பியின் துணையால், அவை தில்லைக் கோயிலில் பூட்டிய அறையொன்றில் உள்ளமை தெரிந்தது. மூவர் திருவுருவங்களை எழுந்தருளச் செய்து அறையைத் திறந்தபோது ஏடுகளைப் புற்று மூடியிருந்தது. எண்ணெய் சொரிந்து புற்றை நீக்கிப் பார்க்கையில், செல்லரித்தன போக எஞ்சியவை சிலவே. இக்காலத்திற்கு வேண்டுவன மட்டும் வைத்தோம் என்னும் அசரீரி மன்னனின் துயரை ஆற்றியது என்பது வரலாறு. அம்மன்னன் முதலாம் இராசராசனே என்று ஒருசாராரும், அவனுக்கு முற்பட்ட சோழன் என்று மற்றொரு சாராரும் கொள்வர்.

இவ்வரலாற்றை அறிந்தோர் பலர். ஆயின் இதன் பிற்பகுதியை நினைப்போர் சிலரே. ஏடுகள் கிடைத்தும் மன்னனின் குறை தீரவில்லை. சொற்கள் கைக்கு வந்தன. அவற்றைப் பாடும் முறை வரவில்லை. பண் அறிவார் யார் எனத் தேடியபோது, திருஎருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் பிறந்த ஒரு பெண்ணிடம் அவ்விசை உளது என்று அறிவிக்கப்பட்டது. விருத்தாசலத்தை அடுத்து இராசேந்திரப்பட்டினம் என்று இன்று வழங்கும் ஊரே அது. அம்மாதரைத் தில்லைக்கு அழைத்து வந்து, அவர் வாயிலாகவே பதிகங்கட்குப் பண்ணடைவு கண்டனர்.

சொல்லைக் காத்தது ஓர் அறை. இசையைக் காத்தது ஒரு குடும்பம். மன்னனின் படையும் பண்டாரமும் செல்லரித்த ஏட்டை மீட்க வல்லவாயின. பண்ணை மீட்க அவை போதவில்லை. எங்கோ ஒரு சிற்றூரில், யாரும் போற்றாத காலத்தும், தாயினிடமிருந்து மகளுக்கும் தந்தையினிடமிருந்து மகனுக்குமாக அவ்விசை ஓதப்பட்டு வந்தமையாலேயே தேவாரம் இன்று இசைப்பாட்டாக நிலவுகின்றது.

தஞ்சையில் எழுந்த இசைக்குழு

தஞ்சை இராசராசேச்சரத்தின் விமானத்து உச்சியில் வைத்தற்குரிய செப்புக் குடத்தை இராசராசன் தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில் அளித்தான். அது கி.பி. 1010. அக்குடத்தின் நிறை 3,083 பலம். அதன்மேல் போர்த்த பொன்தகட்டின் நிறை 2,926½ கழஞ்சு. அரைக் கழஞ்சும் விடாமல் எழுதிவைத்த அம்மன்னன், தான் கொடுத்தனவும், தமக்கையார் கொடுத்தனவும், தேவியர் கொடுத்தனவும், பிறர் கொடுத்தனவும் ஆகிய யாவற்றையும் அவ்விமானத்துக் கல்லிலேயே வெட்டுக என்று ஆணையிட்டான். கொடுத்தவர் பெயர் மறைந்து போதலாகாது என்னும் அவ்வுள்ளம் போற்றுதற்குரியது.

கலசம் ஏறியதோடு கோயில் நிறைவுற்றதாக அவன் கருதினானல்லன். அவனது 29ஆம் ஆட்சியாண்டைக் (1014) குறிக்கும் கல்வெட்டொன்று, இராசராசேச்சரமுடையார் திருமுன் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்ய 48 பிடாரர்களையும், அவர்களுடன் நிலையாக உடுக்கை வாசிக்க ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவரையும் அவன் நியமித்ததை உரைக்கின்றது. ஆக 50 பேர். பாடுவோர் 48 பேருக்கு இசைக்கருவியாளர் இருவரே. சொல் தெளிவாகக் கேட்கவேண்டும், குரலே தலைமை பெறவேண்டும், கருவி அதற்குத் துணையாக நிற்கவேண்டும் என்னும் முறை இவ்வெண்ணிக்கையிலேயே புலனாகின்றது.

இவர்களின் பெயர்களைக் கல்வெட்டு ஒவ்வொன்றாக எடுத்தோதுகின்றது. சிவன் என்று முடியும் தீட்சைப் பெயர்கள் அவர்களுக்கு உண்டு. திருத்தலப் பெயரைத் தாங்கியோரும், நாவரசர் பெயரைத் தாங்கியோரும் அவருள் உளர். ஆயிரம் ஆண்டுக்கு முன் ஒரு கோயிலில் பாடிய இசைக்குழுவினர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அறிய முடிவது உலக இசை வரலாற்றில் எளிதிற் காணக்கூடியதன்று.

இவர்களுக்கு அமைந்த ஊதியம் ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 3 குறுணி நெல். இராசகேசரியோடொக்கும் ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளந்து, கோயிலின் உள்ளூர்ப் பண்டாரத்திலிருந்து கொடுக்க வேண்டுமென்பது ஆணை. 50 பேருக்கு நாள்தோறும் 150 குறுணி. 12 குறுணி கொண்டது ஒரு கலம் என்னும் கணக்கில் அது 12½ கலம் ஆகும். ஆண்டுக்கு 360 நாள் எனக் கொண்டால் 4,500 கலம். அதே ஆண்டின் மற்றொரு கல்வெட்டு, தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்கு ஆளொன்றுக்கு ஒரு பங்காக ஆண்டிற்கு 100 கலம் நெல் அளித்ததையும், ஆரியம் பாடுவார், தமிழ் பாடுவார், வீணை வாசிப்பார் முதலிய பலருக்கும் பங்கு வகுத்ததையும் கூறுகின்றது. திருப்பதியம் பாடுவார் ஒருவருக்கு ஆண்டில் வருவது 90 கலம். நாள்தோறும் உணவுக்குக் கவலையின்றி, வேறு தொழில் நாடாது, காலையும் மாலையும் ஓதுதலையே வாழ்வாகக் கொள்வதற்கு ஏற்ற நிவந்தம் இது.

நெல்லினும் பெரிய விதி

இக்கல்வெட்டில் நெல்லின் அளவைக் காட்டிலும் ஆழ்ந்து நோக்கத்தக்கது, அதன் பின்வரும் விதியாகும். 50 பேருள் ஒருவர் இறந்துபடினும், வேற்றூர் சென்றுவிடினும், அவருக்கு அடுத்த உறவினர் அந்நெல்லைப் பெற்றுத் திருப்பதியம் பாடவேண்டும். அவ்வுறவினர் தாமே பாடும் தகுதி உடையரல்லராயின், தகுதியுடைய ஒருவரை அவர் நிறுத்திப் பாடுவிக்க வேண்டும். உறவினரே இல்லையாயின், அக்குழுவில் எஞ்சியுள்ளோர் கூடித் தக்கார் ஒருவரைத் தேர்ந்து அவ்விடத்தில் அமர்த்த வேண்டும். அவருக்கும் அதே நெல் உரியது.

இவ்விதியை அமைத்தவர்களின் நுண்ணறிவு வியக்கத்தக்கது. இசை குடும்பத்தின் வழியாகவே பெரிதும் காக்கப்படுகிறது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். ஆதலால் உரிமையை முதலில் உறவினர்க்கு வைத்தனர். பிறப்பு மட்டும் பாட்டைத் தந்துவிடாது என்பதையும் அவர்கள் அறிந்திருந்தனர். ஆதலால் தகுதியில்லாத உறவினர் வெறுமனே நெல்லை உண்டிருக்க இடம் வைக்கவில்லை. தகுதியைத் தேர்ந்தறிய வல்லவர் பாடுவோரே என்பதனால், உறவற்ற இடத்தைத் தேரும் பொறுப்பை அரசு அலுவலரிடம் விடாது அக்குழுவினரிடமே விட்டனர். எந்நிலையிலும் 50 என்னும் எண் குறைதல் கூடாது. ஓர் இடம் வெறுமையாக நிற்றல் கூடாது. மன்னன் கொடுத்தது 50 ஆட்களையன்று, 50 இடங்களை. ஆள் மறைவர், இடம் மறையாது.

கண்ணிலாதார் பாடிய கோயில்

தஞ்சைக் கோயில் பேரரசனது. சிறிய ஊர்களிலும் இவ்வறம் தழைத்தமைக்குத் திருவாமாத்தூர்க் கல்வெட்டுச் சான்று. விழுப்புரத்தை அடுத்த அத்திருத்தலத்தில், சோழர் காலத்தில், திருப்பதியம் பாடுதற்குப் பார்வையற்றோர் 16 பேரும், அவர்களுக்குக் கண் காட்டி அழைத்து வர இருவரும் அமர்த்தப்பட்டு, அவர்கள் யாவர்க்கும் நிவந்தம் அளிக்கப்பட்டது. ஏட்டைக் கண்ணாற் காண இயலாதோர் பதிகங்களைக் காதாற் கேட்டு, நெஞ்சிற் பதித்து, நாவாற் பாடினர். எழுத்தின் துணையின்றி இசை வாழ்ந்த முறையை இந்நிவந்தம் தெளிவுறக் காட்டுகின்றது. உடல் குறையுடையோரைச் சுமையெனக் கருதாது, இறைவன் திருமுன் தலைமைப் பணி தந்து புரந்த அவ்வூராரின் அருளுள்ளமும் இதனால் விளங்கும்.

எழுத்தையும் முன்னோர் புறக்கணித்தாரல்லர். திருமுறை ஏடுகளை வைத்துப் போற்றும் திருக்கைக்கோட்டி என்னும் இடம் கோயில்களில் இருந்தது. முதற் குலோத்துங்கன், விக்கிரமசோழன் ஆகியோரிடம் பணிபுரிந்த மணவில் கூத்தனாகிய நரலோகவீரன், தில்லையில் தேவாரத்தைச் செப்பேட்டில் எழுதுவித்தான் என்று அங்குள்ள கல்வெட்டுப் பாடல்கள் புகழும். திருவிடைவாய்த் தலத்துக்குரிய சம்பந்தர் பதிகம் ஏடுகளில் மறைந்து, 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவ்வூர்க் கோயிற் கல்வெட்டிலிருந்தே தமிழுலகுக்குக் கிடைத்தது. கல்லும் செம்பும் சொல்லைக் காத்த பெருமையை எவரும் மறுக்க இயலாது.

ஆயினும் கல் இசையைக் காக்குமா? புதுக்கோட்டையை அடுத்த குடுமியான்மலையில், 7 கிராம இராகங்களுக்குரிய சுரவரிசைகள் பல்லவ கிரந்த எழுத்தில் பாறையிலே பொறிக்கப்பட்டுள்ளன. 13 நூற்றாண்டு கடந்தும் எழுத்து அழியவில்லை. ஆனால் அவ்வரிசைகளைப் பொறித்த காலத்தார் எவ்வாறு இசைத்தனர் என்பதில் அறிஞர் கருத்துகள் வேறுபடுகின்றன. ஆசிரியர் மாணவர் தொடர்ச்சி அற்றுப் போனமையே காரணம். குடுமியான்மலையில் எழுத்து உண்டு, பாடுவார் மரபு இல்லை. திருஎருக்கத்தம்புலியூரில் எழுத்து இல்லை, பாடுவார் மரபு இருந்தது. இவ்விரண்டனுள் எது இசையை உயிரோடு கையளித்தது என்பதை வரலாறே காட்டிவிட்டது.

மடங்களும் மன்றங்களும்

சோழப் பேரரசு சாய்ந்தபின் கோயிற் பண்டாரங்கள் வற்றின. பெரிய இசைக்குழுக்களைப் புரக்கும் ஆற்றல் எக்கோயிலுக்கும் இல்லாதாயிற்று. 48 குரல் எழுந்த இடத்தில் ஒரு குரல் எழுவதே அரிதாயிற்று. அந்நாளில் திருமுறையை ஏந்திக் காத்தவை சைவ மடங்கள். தருமபுரம், திருவாவடுதுறை ஆதீனங்களும் திருப்பனந்தாள் காசிமடமும் இப்பணியில் முன்னின்றன. அவற்றின் ஆதரவில் பயின்ற ஓதுவார்கள் தமிழகத்துக் கோயில்களில் பரவினர். பூசை நிறைவில் தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்னும் ஐந்தினின்றும் பாடும் பஞ்சபுராண முறை அவர்களால் நிலைபெற்றது. பகற்பண், இரவுப்பண், பொதுப்பண் என்று நாளின் பொழுதறிந்து பாடும் முறையையும் அவர்களே பேணினர். வைகறைக்குரிய புறநீர்மையைப் பூபாளத்திலும், இரவுக்குரிய மேகராகக்குறிஞ்சியை நீலாம்பரியிலும் அவர்கள் பாடக் கேட்போர் பொழுதும் பாட்டும் ஒன்றாதலை உணர்வர்.

20ஆம் நூற்றாண்டில் இப்பண்டை இசையின்பால் அறிஞர் பார்வை திரும்பிற்று. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டுத் தமிழ் இசையின் தொன்மையை ஆராய்ந்தார். ஈழத்து அறிஞர் விபுலானந்த அடிகள் பல்லாண்டு உழைத்து இயற்றிய யாழ்நூல், 1947 சூன் திங்களில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. அடுத்த திங்களிலேயே அடிகள் இறைவனடி சேர்ந்தார். 1943இல் சென்னையில் தோன்றிய தமிழ் இசைச் சங்கம், ஆண்டுதோறும் மார்கழியையொட்டி இசைவிழா நடத்தியதோடு, 1949 முதல் பண் ஆராய்ச்சிக் கூட்டங்களையும் நடத்தத் தொடங்கியது.

அக்கூட்டங்களின் முறை தனித்தன்மை வாய்ந்தது. இசைவிழாக் காலத்தில் மாலையில் கச்சேரிகள் நிகழும். ஆராய்ச்சிக் கூட்டத்திலோ ஓதுவார்கள் பண்ணொன்றை எடுத்துப் பதிகம் பாடுவர். இசைவாணரும் தமிழறிஞரும் கேட்டு, அப்பண்ணுக்குரிய சுரங்கள் இவை, அதனோடொத்த இராகம் இது என ஆராய்வர். வேறு வேறு ஊர் ஓதுவார்கள் ஒரே பண்ணைப் பாடும் முறையை ஒப்பிட்டு நோக்குவர். நட்டபாடை நாட்டையின் சாயலது, பழம்பஞ்சுரம் சங்கராபரணத்தோடு ஒப்பது, சாதாரி பந்துவராளியோடு ஒப்பது என்றெல்லாம் தெளிவதற்கு அவர்களின் வாய்மரபே அடிப்படை. எத்துணைக் கற்றவராயினும் இறுதியில் ஓர் ஓதுவாரின் மிடற்றையே கேட்டறிய வேண்டியிருந்தது. தில்லையில் அன்று ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண்ணின் குரலுக்காகக் காத்திருந்த அவையே சென்னையில் மீண்டும் கூடியது எனலாம்.

எஞ்சியதும் இழந்ததும்

தேவாரத்தில் ஏறத்தாழ 800 பதிகங்கள் இன்று உள்ளன. 20க்கு மேற்பட்ட பண்கள் குறிக்கப்படுகின்றன. திருவாரூரில் சுந்தரர் பாடிய ஒரு பதிகத்துக்கு மட்டுமே உரியதாய்ச் செந்துருத்திப் பண் எஞ்சியுள்ளது. பெயரளவில் எதுவும் அழிந்ததாகத் தோன்றவில்லை. ஆனால் உற்று நோக்கின் இழப்பு விளங்கும். கொல்லி, கொல்லிக்கௌவாணம், காந்தாரம், பியந்தைக்காந்தாரம் என்னும் நான்கு பண்களையும் நவரோசு இராகம் ஒன்றிலேயே பாடும் வழக்கம் ஓதுவார் பலரிடம் உளது. முன்னோர் நான்கு பெயரிட்டமைக்கு நான்கு வேறு இசைகள் இருந்திருத்தல் வேண்டும். ஏட்டில் நான்கும் நிற்கின்றன. செவிக்கு ஒன்றே கேட்கின்றது. மற்றவற்றின் தனியழகை அறிந்த கடைசி மனிதர் எவ்வூரில், எக்காலத்தில், எவர்க்கும் கற்பியாது மறைந்தாரோ, அன்றே அவை மறைந்தன. எந்தப் படையெடுப்பும் அவற்றை அழிக்கவில்லை. நிரப்பப்படாத ஓர் இடமே அழித்தது.

2023 ஏப்ரல் 16ஆம் நாள் சீகாழிச் சட்டைநாதர் திருக்கோயிலில் நிகழ்ந்தது அடியார்கள் நினைவில் நிற்கும். அவ்வாண்டு மே 24இல் நிகழவிருந்த குடமுழுக்கின் பொருட்டு வேள்விச்சாலை அமைக்க மண் தோண்டியபோது, 20க்கு மேற்பட்ட ஐம்பொன் திருமேனிகளும் தேவாரம் பொறித்த 400க்கு மேற்பட்ட செப்பேடுகளும் வெளிப்பட்டன. சம்பந்தர் அவதரித்த மண்ணே அவர் திருப்பாட்டைத் தன் மடியிலிருந்து எடுத்துத் தந்தது. இடர் வந்த காலத்தில் இவற்றை மண்ணுக்குள் மறைத்துக் காத்த முன்னோர் யாவரோ, அவர்க்குத் தமிழ்ச் சைவவுலகம் கடப்பாடுடையது. செப்பேட்டைக் கண்டவுடன் அதிலுள்ள பதிகம் இன்னது என்று படித்தறிந்து, உரிய பண்ணில் பாட ஓதுவார்கள் இருந்தனர். ஆதலின் மகிழ்ச்சி முழுமையாயிற்று. பாடுவாரற்ற காலத்தில் அச்செப்பேடு கிடைத்திருப்பின், அது அருங்காட்சியகத்துப் பொருளாக மட்டுமே அமைந்திருக்கும்.

ஒலிப்பதிவுகள் வந்துவிட்ட இந்நாளில் இக்கவலை எதற்கு என்று சிலர் வினவக்கூடும். தருமபுரம் ப. சுவாமிநாதன் (1923–2009) போன்ற பெருந்தகையோர் தேவாரப் பதிகங்களைப் பெருமளவில் பாடிப் பதிவு செய்து வைத்தமை பெரும்பேறு. ஆயினும் பதிவு பாடிக் காட்டுமேயன்றி, மாணவன் பிழைபடப் பாடின் நிறுத்தித் திருத்தாது. நாவின் அசைவைப் பார்த்து, மூச்சு முட்டுமிடத்தை அறிந்து, இன்னொருமுறை பாடு என்று சொல்லும் ஆசானை எக்கருவியும் தரமாட்டாது. செப்பேடு சொல்லைக் காத்தது போல் ஒலிநாடா ஒலியைக் காக்கும். மரபைக் காப்பதற்கு மாணவன் வேண்டும்; ஆசான் வேண்டும்; இருவர்க்கும் நாள்தோறும் நெல் வேண்டும்.

நிரப்ப வேண்டிய இடம்

நற்குறிகளும் இல்லாமலில்லை. ஓதுவார் பயிற்சிப் பள்ளிகள் நடைபெறுகின்றன. 2021 ஆகஸ்டில் தமிழக அரசின் வழியாகக் கோயிற் பணியில் அமர்த்தப்பட்ட ஓதுவாருள் பெண்ணும் இடம்பெற்றார். பண்ணடைவு கண்டு தந்தவரே ஒரு பெண் என்பதை நினைப்பார்க்கு இது புதுமையன்று. பழைய உரிமை மீண்டதேயாகும். ஆயினும் ஊர்ப்புறத்துத் திருக்கோயில்கள் பலவற்றில் ஓதுவார் என ஒருவர் இல்லை. விமானம் புதுக்கப்பெறுகின்றது, வண்ணம் தீட்டப்பெறுகின்றது, கலசம் பொன் பூணுகின்றது. குடமுழுக்கன்று வேற்றூரிலிருந்து வந்து பாடிய ஓதுவார் அன்றிரவே விடைபெறுகின்றார். மண்டலாபிடேகம் முடிந்தபின் அர்த்தசாமப் பூசையில் இறைவன் கேட்பதற்கு ஒரு பாட்டில்லை.

இராசராசன் கலசத்தை அளித்தது 25ஆம் ஆண்டு. 48 பிடாரரைப் பற்றிய ஆணை 29ஆம் ஆண்டு. கலசத்துக்கும் பாட்டுக்கும் இடையே நான்கு ஆண்டுகள். கல்லாலும் பொன்னாலும் செய்யக் கூடியன யாவும் முடிந்த பின்னரும் கோயிலுக்குச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு என்பதை அவ்விரு ஆண்டுகளும் உணர்த்துகின்றன. 48 பேரைப் புரத்தல் பேரரசனுக்கே இயலும். ஒருவரைப் புரத்தல் ஓர் ஊருக்கு இயலும். ஒரு மாணவனுக்கு உண்டியும் உறையுளும் தருதல் ஒரு குடும்பத்துக்கே இயலும். திருவாமாத்தூரில் 16 பார்வையற்றோர்க்கு நெல்லளந்த புண்ணியம் எவ்வூரார்க்கும் எட்டாததன்று.

தஞ்சைக் கல்வெட்டில் பெயர் பொறிக்கப்பெற்ற 48 பேரின் குரலைக் கேட்டவர் இன்று ஒருவருமில்லை. அவர்கள் பாடிய பதிகமோ அவ்விமானத்தின் அடியில் இன்றும் ஒலிக்கின்றது. ஒருவர் மறைய ஒருவர் அவ்விடத்தில் நின்று பாடியதனால் வந்த பேறு அது. குடமுழுக்குக் காணும் ஒவ்வொரு திருக்கோயிலிலும் அவ்விடம் ஒன்று உண்டு. அது வெறுமையாகாதிருக்கச் செய்வோர், கலசம் வைத்தாரோடு ஒருங்கு வைத்து எண்ணப்படுவர். திருமுறை ஓதும் குரல் திருக்கோயில்தோறும் நாள்தோறும் எழுக. பாடுவாரும் அவரைப் புரப்பாரும் நீடு வாழ்க.